கந்தலில் பிறந்த காகிதம்

ஓலை, ஏடு, இதழ், மடல், முறி, தாள் என எழுதப்படும் பொருளுக்குத் தமிழில் வழங்கும் பெயர்களை ஒருசேர வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். இதழ் பூவுக்குரியது, மடல் பனைக்குரியது, முறி என்பது தளிர், தாள் என்பது நெல்லுக்கும் தினைக்கும் அடித்தண்டு. மரத்தை வேரோடு சாய்த்துப் பெறும் பொருளை இப்பெயர்களுள் ஒன்றேனும் குறிக்கவில்லை. காகிதம் என்னும் சொல் அரபு, பாரசீகம் வழியே நமக்கு வந்தது. அச்சொல் வந்து சேர்ந்த காலத்திலும் காகிதத்துக்காக எவரும் காட்டை வெட்டவில்லை.

காகிதம் என்றவுடன் மரம் நினைவுக்கு வருவது நம் காலத்துப் பழக்கம். காகிதத்துக்கு வயது இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல். அதற்காக முழு மரத்தை அரைக்கத் தொடங்கி நூற்றெண்பது ஆண்டுகளே ஆகின்றன. எஞ்சிய நெடுங்காலமும் காகிதத்தின் தாய்ப்பொருள் பெரும்பாலும் கிழிந்த துணியும் அறுந்த வலையும் உரித்த நாருமே. பழைய காகிதத்தைக் கூழாக்கிப் புதுக்காகிதம் செய்வதை இக்காலச் சுற்றுச்சூழல் அறிஞர்கள் கண்டுபிடித்த புதுநெறி என்று பலர் எண்ணுகின்றனர். காகிதத்தின் வரலாற்றைத் திருப்பிப் பார்த்தால் கழிவிலிருந்து பிறப்பதே அதன் இயல்பு என்பதும், மரத்தை நம்பி நின்றது இடையில் நேர்ந்த ஒரு மாற்றம் என்பதும் விளங்கும். எழுத்தையே வாழ்வாகக் கொண்ட நம் போன்றோர் இவ்வரலாற்றை அறிந்திருத்தல் நன்று.

முதலில் நம் வீட்டுக் கதை. ஓலைச்சுவடிக்குப் பனையை வெட்ட வேண்டியதில்லை. பக்குவமான இளம் ஓலையை அரிந்து, வேகவைத்து, நிழலில் உலர்த்தி, வழவழப்பாகத் தேய்த்து, அளவாக நறுக்கினால் ஏடு அணியமாகிவிடும். மரம் நின்றபடி அடுத்த ஓலையை விடும். ஆயினும் உழைப்பு மிகுதி. ஆதலால் ஏட்டின் ஒவ்வோர் அங்குலமும் அருமையானது. ஏடெழுதியவர்கள் பாட்டை அடியடியாகப் பிரித்து எழுதவில்லை. ஒரு பாட்டு முடிந்த இடத்திலேயே அடுத்த பாட்டு தொடங்கும். மூலம் முடியுமுன்னே உரை வந்து ஒட்டிக்கொள்ளும். புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்று புள்ளியும் இடுவதில்லை. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒரே வடிவில் நிற்கும். உ.வே.சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் எது பாட்டு, எது உரை, எது மேற்கோள் என்று பிரித்தறிய எத்துணை இடர்ப்பட்டனர் என்பதை நாம் அறிவோம். ஒரு சொல்லுக்கு ஓர் அடி என்று ஏணிப்படிபோல் எழுதும் இன்றைய கவிஞரை அந்த ஏடெழுதுவோர் கண்டால் திகைத்தே போவர். ஏடு வார்ந்தபின் எஞ்சிய துண்டுகளும் வீண்போனதில்லை. சிறுகுறிப்பும் செய்தியும் எழுதும் நறுக்குகளாக அவை பயன்பட்டன.

இனிக் காகிதத்துக்கு வருவோம். சீன அரசவையில் பணியாற்றிய சாய் லுன் என்பவர் கி.பி.105ஆம் ஆண்டில் காகிதம் செய்யும் முறையைப் பேரரசருக்கு அறிவித்தார் என்பது மரபான வரலாறு. அவருக்கு முற்பட்ட காகிதத் துணுக்குகள் அகழாய்வுகளில் கிடைத்துள்ளமையால் அவர் முறையைச் செம்மைப்படுத்தியவர் என்பதே பொருந்தும். அவர் பயன்படுத்தியனவாகச் சொல்லப்படுபவை மரப்பட்டை, சணல் நார், கந்தல் துணி, பழைய மீன்வலை. மீனவன் தூக்கி எறிந்த வலை அறிஞன் கையில் ஏடானது. மரப்பட்டை என்றவிடத்தும் முசுக்கட்டை இனத்து மரங்களின் கிளைகளை வெட்டிப் பட்டை உரித்தனர். அடிமரம் மீண்டும் தழைத்தது.

ஜப்பானியர் இத்தொழிலைக் கற்றபின் அங்கு நிகழ்ந்த ஒன்றைக் கவிஞர்கள் அறியவேண்டும். ஒன்பதாம் நூற்றாண்டில் செய்வா என்னும் பேரரசர் மறைந்தபின், அவர் துணைவியருள் ஒருவராகிய ஃபுஜிவாரா குலத்துப் பெண்மணி, அவர் தமக்கு எழுதிய மடல்களையெல்லாம் திரட்டினார். அவற்றைக் கூழாக்கிப் புதுக்காகிதமாகச் செய்வித்து, அதில் பௌத்த சூத்திரத்தைப் படியெடுக்கச் செய்தார். அரசு வரலாற்று நூலே இதனைப் பதிவு செய்துள்ளது. பழைய மை முற்றும் நீங்காமையால் அவ்வகைக் காகிதம் இளஞ்சாம்பல் நிறமாக இருக்கும். அந்நாட்டார் அதனை மெல்லிய மைக்காகிதம் என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். காதலன் எழுத்து ஒவ்வொரு தாளிலும் நிழலாய்க் கரைந்து கிடக்க, அதன்மேல் இறைமொழி எழுதப்பட்டது. மறுசுழற்சி என்னும் வறண்ட சொல்லுக்கு இத்தகைய பொருளும் உண்டு.

அரபு நாடுகள் வழியே இத்தொழில் மேற்கே சென்றது. ஸ்பெயினிலும் இத்தாலியின் ஃபாப்ரியானோவிலும் பட்டறைகள் எழுந்தன. ஐரோப்பாவில் லினன் கந்தலே மூலப்பொருள். கந்தல் பொறுக்குவோர் தெருத்தெருவாகத் திரிந்தனர். கூட்டன்பர்க் 15ஆம் நூற்றாண்டில் அச்சுக்கலையைத் தொடங்கியபின் காகிதத் தேவை பெருகிற்று. உடுத்திக் கிழிக்கும் மக்களின் தொகையோ அதற்கு ஈடாகப் பெருகவில்லை. கந்தலுக்குப் பஞ்சம் வந்தது. இங்கிலாந்தில் பிணங்களைக் கம்பளித் துணியால் மட்டுமே சுற்றிப் புதைக்கவேண்டும் என்று 1678இல் ஒரு சட்டம் இயற்றினர். கம்பளித் தொழிலை வளர்ப்பதும் அயல்நாட்டு லினன் வரவைக் குறைப்பதும் அதன் நோக்கங்கள். அவற்றோடு காகிதத் தொழிலை ஊக்குவித்தலும் நோக்கமாகச் சொல்லப்பட்டது. மண்ணுக்குள் போகும் துணி காகிதத்துக்கு ஆகாமல் போகிறதே என்று ஒரு நாட்டின் பாராளுமன்றமே கவலைப்பட்ட காலம் அது.

அந்தத் தட்டுப்பாட்டின் அலை நம் கடற்கரையையும் தொட்டது. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த சீகன்பால்கு ஐயர் தமிழ் நூல்களை அச்சிட முனைந்தார். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இல் வந்து சேர்ந்தன. அவை அளவில் பெரியவை. அவ்வெழுத்தில் புதிய ஏற்பாட்டை அச்சிடத் தொடங்கியபோது காகிதம் கட்டுக்கட்டாகக் கரைந்தது. காகிதமோ ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வரவேண்டும். கப்பல் வருவது காற்றையும் கடவுளையும் பொறுத்தது. தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தெடுத்தனர். பாலாடைக்கட்டி வந்த பெட்டிகளின் ஈயத்தை உருக்கி அதற்குப் பயன்படுத்தினர் என்று சொல்வர். நற்செய்திப் பகுதிகள் பெரிய எழுத்திலும் பின்னைய பகுதிகள் சிறிய எழுத்திலுமாக 1715இல் நூல் நிறைவெய்தியது. அக்காலத்தை ஒட்டியே அருகிலுள்ள பொறையாற்றில் ஒரு காகிதப் பட்டறையையும் அமைத்தனர். அது நெடுநாள் நிலைக்கவில்லை.

இந்நிகழ்ச்சியைத் தமிழ் அச்சு வரலாற்றின் சிறுகுறிப்பாகவே பலரும் கடந்து செல்வர். எனக்கு இது பெரிதாகத் தோன்றுகிறது. தமிழ் எழுத்து ஐரோப்பிய அச்சுக்கோப்பவர் விரும்பிய பேருருவை விடுத்துக் கைக்கடக்கமான வடிவுக்கு வந்ததற்கு உடனடிக் காரணம் அழகுணர்ச்சியன்று, காகிதம் போதாமையே. சுவடியில் புள்ளியை மறைத்த சிக்கனம் அச்சில் எழுத்தைச் சுருக்கிற்று. காகிதத்தைக் குறைத்துப் புழங்குதல் தமிழ் நூலுக்குப் பிறவிக்குணம் என்றே சொல்லலாம்.

ஐரோப்பிய அறிஞர்கள் கந்தலுக்கு மாற்றுத் தேடினர். குளவி மரநாரை மென்று காகிதம் போன்ற கூடு கட்டுவதை 1719இல் பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர் எடுத்துக்காட்டினார். அவரைத் தொடர்ந்து வைக்கோல், பாசி, குளவிக்கூடு என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் அரைத்துப் பார்த்தவர்கள் உண்டு. எனினும் என்னைப் பெரிதும் கவர்ந்தவர் ஒரு சட்டப் பேராசிரியர். ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூஸ்டுஸ் கிளாப்ரோத், அச்சடித்த காகிதத்திலிருந்து மையை நீக்கி மீண்டும் புதுக்காகிதம் செய்யும் முறையைச் சிறு நூலாக 1774இல் வெளியிட்டார். துணி வெளுப்போர் பயன்படுத்தும் ஒருவகை மண்ணால் மையை அகற்றுவது அவர் முறை. அந்நூலையும் அவ்வாறு செய்த காகிதத்திலேயே அச்சிட்டார். தாம் சொல்வது நடக்குமா என்று ஐயுறுவோர் கையில் சான்றையே கொடுத்துவிட்டார்.

இலண்டனில் மத்தியாஸ் கூப்ஸ் என்பவர் இதே வழியில் இன்னும் தொலைவு சென்றார். எழுதுபொருள்களின் வரலாற்றை அவர் 1800இல் நூலாக்கியபோது அதனை வைக்கோல் காகிதத்தில் அச்சிட்டார். பின்னிணைப்பை மரத்திலிருந்து மட்டும் செய்த காகிதத்தில் அச்சிட்டார். அடுத்த ஆண்டு வெளிவந்த இரண்டாம் பதிப்புக்குப் பழைய காகிதத்தை மறுஆக்கம் செய்த தாளும் பயன்பட்டது. தமிழில் வைக்கோலுக்கும் ஏட்டுக்கும் தாள் என்ற ஒரே பெயர் இருப்பதை அவர் அறிந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்! பெரும் முதலீட்டில் ஆலைகளை எழுப்பிய கூப்ஸ் சில ஆண்டுகளிலேயே கடனில் மூழ்கினார், ஆலைகள் மூடப்பட்டன. அவை பிழைத்திருந்தால் காகிதத்தின் வரலாறு காட்டுப் பக்கம் திரும்பாமல் வயல் பக்கம் திரும்பியிருக்கக் கூடும்.

காட்டுப் பக்கம் திருப்பியவர்கள் இருவர். ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். ஜெர்மனியின் சாக்சனியில் நெசவாளரான ஃபிரீட்ரிக் கோட்லோப் கெல்லர், நீர் ஊற்றிச் சுழலும் சாணைக்கல்லில் மரக்கட்டையை அழுத்தி நாராக அரைக்கும் முறையை 1843, 1844ஆம் ஆண்டுகளில் கண்டறிந்தார். அதைத் தொழிலாக்கப் பொருளின்றி உரிமையைச் சொற்பத்துக்கு விற்றார். வாங்கியவர் கைப்பட அம்முறை உலகெங்கும் பரவியது. கெல்லர் 1895இல் இறந்தார்.

மற்றவர் கனடாவின் நோவா ஸ்காஷியாவைச் சேர்ந்த சார்லஸ் ஃபெனர்டி. மரம் அறுக்கும் குடும்பத்துப் பிள்ளை. 1844 அக்டோபர் 26 அன்று ஹாலிஃபாக்ஸ் செய்தித்தாள் ஒன்றுக்கு மடல் எழுதி, ஸ்புரூஸ் மரத்தின் நாரால் தாம் செய்த காகிதத் துண்டு ஒன்றையும் இணைத்தனுப்பினார். அப்போது அவருக்கு வயது 23. எவரும் பொருட்படுத்தவில்லை, அவரும் உரிமம் எடுக்கவில்லை. இந்த ஃபெனர்டி ஒரு கவிஞர். பின்னாளில் அவருக்குப் பரிசு பெற்றுத் தந்த கவிதையின் பெயர் ‘பெதுலா நைக்ரா’. அது ஒரு பூர்ச்ச மரத்தின் அறிவியற் பெயர். மரத்தைப் பாடிப் பரிசு பெற்ற கவிஞரே மரத்தைக் காகிதமாக்கும் வழியையும் காட்டினார். இதில் முரண் காண்போர் காணலாம். அவர் வாழ்ந்த நிலத்தில் கண்ணுக்கெட்டிய தூரமும் காடு, கந்தலோ பற்றாக்குறை. முடியாத ஒன்று என்று அவர் காட்டை எண்ணியதில் வியப்பில்லை. நம் முன்னோர் காவிரியையும் அப்படித்தான் எண்ணினர்.

அதன்பின் நடந்தவை விரைவாக நடந்தன. மரத்தை வேதிப்பொருளில் வேகவைத்துக் கூழாக்கும் முறைகள் 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. காகிதம் மலிந்தது, நாளேடு பெருகியது, ஏழை மாணவன் கைக்கும் பாடநூல் வந்தது. இதனை நன்மை என்று ஒப்புக்கொள்ளாமல் காட்டின் அழிவை மட்டும் பேசுவது நேர்மையாகாது. மலிந்த காகிதம் இல்லையேல் பாரதியார் நடத்திய இதழ்கள் இல்லை. நாற்பது பக்க வார இதழைக் காத்திருந்து வாங்கிய தலைமுறையும் இல்லை.

ஆனால் அந்த மலிவுக்கு ஒரு விலை இருந்தது. அரைத்த மரக்கூழில் லிக்னின் என்னும் பொருள் தங்கிவிடுகிறது. ஒளிபட்டால் தாள் பழுப்பேறுகிறது. மை பரவாதிருக்கப் படிகாரமும் பைன் பிசினும் சேர்க்கும் முறை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் தோன்றிப் பின் எங்கும் பரவியது; அதனால் தாளில் அமிலம் உண்டாகி நார் தானே அறுகிறது. ஐந்நூறு ஆண்டுக் கந்தல் காகிதம் மடங்கிக் கொடுக்க, எண்பது ஆண்டு மரக்காகிதம் தொட்டவுடன் உதிர்வது இதனால்தான். பழந்தமிழ் நூலைப் புரட்டிய எவரும் விரலில் ஒட்டும் பழுப்புத் துகளை அறிவர். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த நூல்களை மூலமாகக் கொண்டு 1994இல் சென்னையில் அமைந்த ஆராய்ச்சி நூலகம் நுண்படமெடுக்கும் பணியில் இறங்கியதற்கும் இந்த உதிர்தலே காரணம். தாள் மரத்தையும் தின்றது. தன்மேல் எழுதியதையும் தின்றது.

இந்தியாவில் இக்கதை மூங்கிலோடு பிணைந்தது. மூங்கிலைப் பற்றிய சிறுநூலை மூங்கில் காகிதத்திலேயே 1875இல் அச்சிட்டு அதன் தகுதியைக் காட்டியவர் ஆங்கிலேயரான தாமஸ் ரௌட்லெட்ஜ். டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் வில்லியம் ரைட் அதனை ஆலைத்தொழிலுக்கு ஏற்றதாக்கினார். 1925இல் மூங்கில் காகிதத் தொழிலுக்குப் பாதுகாப்பளிக்கும் சட்டமும் வந்தது. மூங்கில் புல்லினம், முறையாக அறுத்தால் மீண்டும் தழைக்கும். முறையாக அறுத்தார்களா என்பதே கேள்வி. வட கன்னடத்துத் தாண்டேலியில் 1950களின் பிற்பகுதியில் தொடங்கிய ஆலைக்கு அரசு காட்டு மூங்கிலைச் சொற்ப விலைக்குக் கொடுத்தது. கூடை முடைவோர் அதே மூங்கிலுக்குப் பன்மடங்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. அவர்கள் முறையிட்டபின் 1970களில் சூழலியலறிஞர் மாதவ் காட்கில் அக்காடுகளை ஆராய்ந்தார். மூங்கில் புதரின் அடியில் அடர்ந்திருக்கும் முட்கிளைகளை ‘துப்புரவு’ என்ற பெயரில் அகற்றியதால் இளங்குருத்துகளை விலங்குகள் மேய்ந்துவிட்டன என்று கண்டார். அங்குள்ள உழவர்கள் இதை முன்னரே அறிந்திருந்தனர். கேட்பவர்தாம் இல்லை.

1988ஆம் ஆண்டுத் தேசிய வனக்கொள்கை, ஆலைகள் தமக்கு வேண்டிய மரத்தை இயற்கைக் காட்டிலிருந்து பெறாமல் உழவரிடம் வளர்ப்பித்துப் பெறவேண்டும் என்று விதித்தது. ஆகவே இன்று நம் ஆலைகளுக்குப் போகும் சவுக்கும் தைலமரமும் சூபாபுலும் பெரும்பாலும் உழவர் நிலத்தில் நட்டு வளர்த்தவை. “ஒரு தாளைக் கிழித்தால் ஒரு காடு அழியும்” என்று மேடையில் முழங்குவோர் இவ்வேறுபாட்டையும் நினைவிற் கொள்ளவேண்டும். நட்ட மரமும் நிலத்தையும் நீரையும் கேட்கிறது என்பது வேறு செய்தி, அது உண்மைதான்.

கூப்ஸ் கண்ட கனவுக்கு மிக அருகில் வந்தது நம் காவிரிக்கரையில் நடந்த முயற்சி. தமிழ்நாடு அரசு 1979இல் தொடங்கிய செய்தித்தாள் காகித நிறுவனம் புகளூரில் 1984இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதன் முதன்மை மூலப்பொருள் கரும்புச் சக்கை. சர்க்கரை ஆலைகள் சக்கையைத் தம் கொதிகலனில் எரித்து வந்தன. அதற்கு ஈடாக நிலக்கரியோ நீராவியோ கொடுத்துச் சக்கையைப் பெறுவது என்று ஏற்பாடு. ஓர் ஆலையின் எச்சம் மற்றோர் ஆலையின் முதலானது. குறைகள் உண்டு. சக்கையை நனைத்துச் சேமிக்க வேண்டும். நீர் நிறைய வேண்டும். கழிவுநீரைத் தூய்மை செய்ய வேண்டும். நாளடைவில் மரக்கூழும் சேர்ந்தது. ஆயினும் 2013இல் பழைய காகிதத்தின் மையை நீக்கிக் கூழாக்கும் பிரிவும் அங்கு அமைந்தது என்பதைக் கிளாப்ரோத் அறிந்தால் தம் சிறுநூல் வீண்போகவில்லை என்று கொள்வார்.

கையால் செய்யும் காகிதத்தையும் மறத்தலாகாது. அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம் 1934இல் வார்தாவில் தோன்றியபோது அதன் செயலாளராக இருந்தவர் தஞ்சையிற் பிறந்த ஜே.சி.குமரப்பா. நலிந்துகொண்டிருந்த கைக்காகிதத் தொழிலை மீட்பது அச்சங்கத்தின் பணிகளுள் ஒன்று. காந்தியடிகள் தமக்கு வந்த மடல்களின் எழுதாப் பக்கத்தில் குறிப்பும் விடையும் எழுதியவர். நாட்டின் தலைவருக்குப் புதுத்தாள் கிடைக்காமலா போயிற்று? புதுச்சேரி ஆசிரமத்துக் கைக்காகிதப் பட்டறை இன்றும் பருத்தித் துணிக் கழிவிலிருந்தே தாள் செய்கிறது. விலை மிகுதியாதலால் அது நூலுக்குரியதாகாமல் வாழ்த்திதழுக்கும் அழைப்பிதழுக்கும் உரியதாகிவிட்டது.

மறுசுழற்சிக்கும் எல்லை உண்டு. பழைய தாளை நீரில் கரைத்து, கம்பியும் பசையும் வடித்து, சோப்புப் போன்ற பொருள் சேர்த்துக் காற்றுக்குமிழ் செலுத்தினால் மை நுரையோடு மேலே வந்துவிடும், அதை வழித்தெடுப்பர். ஒவ்வொரு சுற்றிலும் நார் குறுகி வலிமை இழக்கும். ஐந்தாறு சுற்றுக்குப்பின் புதுநார் சேர்க்காமல் நல்ல தாள் வராது என்பது பொதுவான கணக்கு. எனவே வெள்ளைத்தாள் செய்தித்தாளாகி, செய்தித்தாள் அட்டையாகி இறங்கிக்கொண்டே போகும். எச்சில் உணவும் எண்ணெயும் பட்ட தாள் எதற்கும் ஆகாது. நம் நாட்டில் குப்பையோடு குப்பையாய்க் காகிதத்தைக் கொட்டிவிடுகிறோம். நம் ஆலைகளோ அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் கழிவுக் காகிதத்தைக் கப்பலேற்றித் தருவிக்கின்றன. வீட்டு வாசலில் தராசோடு நிற்கும் பழைய பேப்பர்காரரை நாம் மதிக்கக் கற்றிருந்தால் அக்கப்பல்களில் சில குறைந்திருக்கும்.

தமிழர்க்கு இன்னொரு வகை மறுபயன்பாடும் தெரியும். பழைய புத்தகக் கடை. சென்னை மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தபோது எத்தனை பேர் கண்ணீர் விட்டனர்! கூழாக்காமல், மை நீக்காமல், நார் குறையாமல் ஒரு நூலை இரண்டாம் மூன்றாம் வாசகனிடம் சேர்ப்பதைவிடச் சிறந்த மறுசுழற்சி இல்லை.

இனி நம் கூட்டத்தாரிடம் ஒரு கணக்கு. டெம்மி அளவில் 96 பக்கக் கவிதைத் தொகுதி ஒன்றுக்கு ஆறு படிவம். ஆயிரம் படி அச்சிட 6000 தாள், அதாவது 12 ரீம். எழுபது கிராம் தாளானால் ஏறத்தாழ 110 கிலோ. ஒரு டன்னுக்குப் பதினேழு மரம் என்று பலரும் எடுத்தாளும் கணக்கு மரத்தின் பருமனையும் கூழாக்கும் முறையையும் பொறுத்து மாறுவது. தோராயமாகக் கொண்டால் ஒரு தொகுதிக்கு இரண்டு மரம். இரண்டு மரத்தைக் கொடுத்து ஒரு நல்ல கவிஞனைப் பெறலாம் என்றால் நான் மறுக்கமாட்டேன். பக்கத்தின் நடுவே நான்கு வரி வைத்துச் சுற்றிலும் வெள்ளை விடுவதையும் வீண் என்று சொல்லமாட்டேன். அந்த வெள்ளையும் கவிதையின் மூச்சு. ஆயிரத்தில் முந்நூறு விற்று எழுநூறு பரணில் கரையானுக்குப் போவதே வீண். அதில் மட்டும் எழுபத்தேழு கிலோ காகிதம். நூலக ஆணையை நம்பி அச்சிட்டுக் காத்திருந்த பதிப்பாளரைக் கேட்டால் இக்கணக்கு விளங்கும். இப்போது கணினி அச்சில் நூறு படி, ஐம்பது படி என்று வேண்டியபோது எடுக்க முடிகிறது. படிக்கு அடக்கவிலை கூடும். பரணில் எதுவும் மிஞ்சாது.

படிவக் கணக்கையும் கவிஞர்கள் அறிந்திருப்பது நன்று. நூல் 96 பக்கத்தில் முடியாமல் 98 ஆனால் இரண்டு பக்கத்துக்காக ஏழாம் படிவம் திறக்க வேண்டும். அணிந்துரைகள் மூன்றை ஒன்றாக்கினால் அப்படிவமே வேண்டியிராது. வாழ்த்துரை வழங்கும் பெருமக்கள் பொறுத்தருள்க. மேலட்டைக்கு நெகிழிப் படலம் ஒட்டுவது பளபளப்புக்காக. ஆலையில் அப்படலம் கூழிலிருந்து பிரியாமல் இடர் தரும். அந்தப் படலம் இன்றி வந்த பழைய தொகுதிகள் இன்றும் நம் அலமாரியில் நன்றாகவே நிற்கின்றன. மாதக் கூட்ட அறிவிப்புக்கு அட்டையும் உறையும் தேவையில்லை; அலைபேசிச் செய்தியே போதும். கூட்டத்தில் படிக்கும் கவிதைகளை ஒருபக்கம் அச்சான தாளின் மறுபக்கத்தில் எழுதி வரலாம்.

புத்தகக் கட்டுவோர் நூலின் மூன்று பக்கமும் வெட்டிச் சீராக்கும்போது விழும் வெள்ளை விளிம்புகளைத் தனிச் சாக்கில் கட்டி வைப்பர். மையும் பசையும் படாத அந்தத் துண்டுகளுக்குக் கழிவுச் சந்தையில் நல்ல விலை உண்டு. ஆலைகள் விரும்பி வாங்குகின்றன. இம்மலரை வெட்டிய விளிம்புகளும் இந்நேரம் அப்படியொரு சாக்கில் இருக்கும்.